செவ்வாயில் ஒரு பூட்டு: பாத்ஃபைண்டர் ரீசெட் பிழையைப் பிடித்த கதை

1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் காற்றுப்பைகளோடு துள்ளி உருண்டு, செவ்வாயின் ஏரிஸ் வாலிஸ் பகுதியில் வந்து நின்றது. படங்கள் வந்தன. சோஜர்னர் என்ற பத்து கிலோ சொச்சம் எடையுள்ள குட்டி வண்டி தரையில் இறங்கி ஓடியது. எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், வானிலைத் தரவு சேகரிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே, கலத்தின் கணினி தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ள, அதாவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்க, ஆரம்பித்தது. ஒருமுறை நடந்து நின்றிருந்தால் பரவாயில்லை. திரும்பத் திரும்ப நடந்தது.

ரீசெட் ஆனால் எதுவும் வெடித்துவிடாது. அதுவரை சேகரித்த தரவும் அழியாது. ஆனால் அன்றைக்குப் பூமியிலிருந்து அனுப்பிய வேலைப்பட்டியலில் மிச்சமிருப்பதெல்லாம் ரத்து. மறுநாள்தான் தொடர முடியும். முப்பது நாள் உழைக்கும் என்று திட்டமிட்ட கலத்துக்கு அரை நாள் போவதும் பெரிய இழப்பு. மென்பொருள் கோளாறு என்றும், கணினி ஒரே நேரத்தில் நிறைய வேலைகளைச் செய்யப் பார்த்தது என்றும் செய்திகள் வந்தன. இரண்டாவது விளக்கம் பொய்யில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு யாராலும் நிரலில் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம் செவ்வாய் மீதான மோகம் இல்லை. நிரல் எழுதிப் பிழைக்கிற நம்மில் பெரும்பாலோருக்கு விண்கலம் பக்கம் போகிற வாய்ப்பே வராது. ஆனால் டீபக் செய்யும்போது, அதாவது பிழையைத் தேடிப் பிடிக்கும்போது, நம்மைத் தினமும் படுத்துகிற சங்கடங்கள் ஏறக்குறைய அத்தனையும் இந்த ஒரு சம்பவத்தில் இருக்கின்றன. பிழை தலைகாட்டிவிட்டு மறைகிறது. அது நடக்கிற இடத்துக்கு நம்மால் போக முடியாது. காரணம் நாம் எழுதாத நிரலுக்குள் இருக்கிறது. மேலே நேர நெருக்கடி வேறு. அதோடு, அந்த மென்பொருள் குழுவை வழிநடத்திய க்ளென் ரீவ்ஸ் நடந்ததைப் பின்னால் விரிவாக எழுதியும் வைத்தார். தங்களுக்குச் சாதகமில்லாத பகுதிகளையும் அவர் மறைக்கவில்லை. அப்படி எழுதி வைக்கிறவர்கள் நம் தொழிலில் குறைவு.

உள்ளே யார் யார்

கலத்தில் இருந்தது ஒரே ஒரு கணினி. கதிர்வீச்சைத் தாங்கும்படி செய்த ஆர்ஏடி6000 செயலி, 20 மெகாஹெர்ட்ஸ் வேகம், 128 மெகாபைட் நினைவகம். அதன் மேல் விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம். பயணம், தரையிறக்கம், படம் பிடிப்பது, பூமியோடு பேசுவது, வானிலை அளப்பது என்று எல்லா வேலையும் அந்த ஒன்றின் தலையில்.

இயங்குதளத்துக்குள் ஒவ்வொரு வேலையும் தனித்தனி டாஸ்க். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. விதி எளிமையானது: ஓடத் தயாராக இருக்கிறவர்களில் யாருக்கு முன்னுரிமை அதிகமோ அவரே ஓடுவார். கீழே இருப்பவர் பாதி வேலையில் இருந்தாலும் அப்படியே நிறுத்தப்படுவார்.

சென்சார்களும் ரேடாரும் வானிலைக் கருவியும் 1553 என்ற தரவுத்தடத்தின் வழியாகக் கணினியோடு இணைந்திருந்தன. அந்தத் தடத்துக்கான வன்பொருள் காசினி விண்கலத்துக்காகச் செய்ததிலிருந்து சுவீகரித்தது. அதோடு ஒரு கட்டாயமும் கூடவே வந்தது: எல்லாம் விநாடிக்கு 8 முறை என்ற தாளத்தில்தான் நடக்க வேண்டும். அதாவது ஒரு சுற்றுக்கு 125 மில்லிவிநாடி. சுற்று தொடங்கியதும் தடத்தில் தரவு ஓடும். அது முடிந்ததும் 'பகிர்வாளர்' என்று நாம் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு டாஸ்க் எழுந்து, வந்த தரவை உரியவர்களிடம் சேர்க்கும். அப்புறம் 'திட்டமிடுபவர்' எழுந்து அடுத்த சுற்றுக்கான வேலைகளைத் தடத்தில் ஏற்றி வைக்கும்.

இயங்குதளத்தின் சொந்த டாஸ்க் ஒன்றைத் தவிர்த்தால் திட்டமிடுபவருக்குத்தான் முதலிடம். வளிமண்டலத்தில் நுழைந்து இறங்குவதைக் கவனிக்கிற டாஸ்க்குக்கு இரண்டாமிடம். பகிர்வாளருக்கு மூன்றாமிடம். மற்றதெல்லாம் அதற்குக் கீழே. படங்களைச் சுருக்குவது, வானிலை அளப்பது போன்ற அறிவியல் வேலைகள் அடிமட்டத்தில் கிடந்தன.

திட்டமிடுபவர் எழும்போது முதலில் ஒன்றைப் பார்க்கும்: பகிர்வாளர் தன் வேலையை முடித்துவிட்டாரா? முடிக்கவில்லை என்றால் எங்கோ ஏதோ சரியில்லை என்று அர்த்தம். தப்பும் தவறுமாகத் தொடர்வதைவிட எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தொடங்குவது மேல் என்று முடிவெடுத்து, கணினியை ரீசெட் செய்துவிடும். ஆக, செவ்வாயில் நடந்த ரீசெட் ஒரு விபத்து இல்லை. யாரோ யோசித்து, வேண்டுமென்றே எழுதி வைத்தது. பகிர்வாளர் ஏன் முடிக்கவில்லை என்பதுதான் கேள்வி.

யாருடைய தவறும் இல்லாத தவறு

பகிர்வாளர் பெரும்பாலான தரவை, எழுத ஒன்று படிக்க ஒன்று என்று இரட்டை பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) வைத்த பொது நினைவகத்தின் மூலம் கொடுத்துவிடும். அதில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. வானிலை டாஸ்க்குக்குப் போகிற தரவு மட்டும் பைப் என்ற குழாய் வழியாகப் போனது. வானிலை டாஸ்க் 'செலக்ட்' என்ற சேவையை அழைத்து, குழாயில் ஏதாவது வருகிறதா என்று காத்திருக்கும்.

செலக்ட் தன் உள்வேலைக்காக ஒரு மியூட்டெக்ஸ் வைத்திருந்தது. மியூட்டெக்ஸ் என்றால் ஒரு பூட்டு: ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்கலாம், மற்றவர் காத்திருக்க வேண்டும். பாத்ஃபைண்டர் குழு அந்தப் பூட்டை உருவாக்கவில்லை. அவர்களுடைய நிரலில் அது கண்ணுக்கே தெரியாது. இயங்குதளத்தின் நூலகத்துக்குள் எங்கோ ஆழத்தில் இருந்தது.

இனி நடந்ததை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வானிலை டாஸ்க் செலக்டை அழைக்கிறது. உள்ளே பூட்டு எடுக்கப்படுகிறது. வேலை முடிந்து பூட்டைத் திருப்பிக் கொடுக்கப்போகிற தறுவாயில், அதைவிட முன்னுரிமை கூடிய ஒரு டாஸ்க் எழுந்துவிடுகிறது. வானிலை டாஸ்க் அப்படியே நிறுத்தப்படுகிறது, பூட்டு கையிலேயே. நடுத்தர முன்னுரிமை உள்ள டாஸ்க்குகள் ஒன்று மாற்றி ஒன்று ஓடுகின்றன. பகிர்வாளர் எழுகிறது, வானிலைத் தரவைக் குழாயில் எழுதப் பார்க்கிறது. எழுதுவதற்கு அதே பூட்டு வேண்டும். சரி, காத்திருக்கிறது. பூட்டு வைத்திருக்கிற வானிலை டாஸ்க் ஓடினால் ஒரு நொடியில் தீரும். ஆனால் அது அடிமட்டம். நடுத்தர டாஸ்க்குகள் ஓடி ஓய்ந்தால்தான் அதற்கு முறை வரும். அவை ஓயவில்லை. 125 மில்லிவிநாடி முடிகிறது. திட்டமிடுபவர் எழுந்து பார்க்கிறது. பகிர்வாளர் முடிக்கவில்லை. ரீசெட்.

இதற்கு முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று பெயர். மூன்றாமிடத்தில் இருப்பவர், எங்கோ நடுவில் இருப்பவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாகிவிட்டது. அவர்களுக்கும் அவருக்கும் நேரடியாக எந்தச் சம்பந்தமும் இல்லை; அவர்கள் அந்தப் பூட்டைத் தொட்டதே இல்லை.

நிரலைப் பிரித்துப் படித்துப் பாருங்கள். வானிலை டாஸ்க் சரி. பகிர்வாளர் சரி. திட்டமிடுபவர் சரி. நடுவில் ஓடியவை எல்லாம் சரி. செலக்டுக்குள் இருக்கிற பூட்டும் செய்ய வேண்டியதைத்தான் செய்தது. கோட் ரிவ்யூவில், அதாவது ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்கள் படித்துச் சரிபார்ப்பதில், எத்தனை பேர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருந்தாலும் ஒரு வரியைக் காட்டி 'இதுதான்' என்று சொல்லியிருக்க முடியாது. தவறு எந்த வரியிலும் இல்லை. வரிகள் எந்த வரிசையில், எந்த நேரத்தில் ஓடின என்பதில் இருந்தது. நேரம் நிரலில் எழுதப்படுவதில்லையே.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதை விளக்குவது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் பழகியதெல்லாம் தவறான வரி ஒன்று எங்கோ இருக்கும், தேடினால் கிடைக்கும் என்கிற வகைப் பிழைகள். வரவு செலவு கூட்டலில் தவறு கண்டுபிடிப்பது மாதிரி. தொழிலில் ஆளைச் சாப்பிடுகிற பிழைகள் பெரும்பாலும் அந்த வகை இல்லை.

பதினெட்டு மணி நேரம்

பிழை நடந்த இடத்துக்கும் அதைத் தேடுகிறவர்களுக்கும் இடையே ஒரு சமிக்ஞை போய்ச்சேரவே அப்போது பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பிழை தேடும் கருவியான டீபக்கரை இணைத்து, வேண்டிய வரியில் ஓட்டத்தை நிறுத்துகிற பிரேக்பாயின்ட் வைத்து, படிப்படியாக ஓட்டிப் பார்க்கிற பேச்சுக்கே இடமில்லை. அது போகட்டும், ரீசெட் ஆன கணத்தில் உள்ளே என்ன நடந்தது என்கிற முழு விவரத்தை அனுப்பி வைக்கச் சொல்லவும் முடியாது. தகவல்தொடர்பின் அகலம் அதற்குப் போதாது.

ஆனால் பூமியில், ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில், அதே மென்பொருள் ஓடுகிற ஒரு பிரதி இருந்தது. அதோடு அந்த மென்பொருளுக்குள் ஒரு தடப்பதிவு வசதியும் இருந்தது. அதன் வரலாறே சுவையானது. இந்தப் பயணத்துக்காக விஎக்ஸ்வொர்க்ஸை அந்தச் செயலிக்கு மாற்றி அமைத்தபோது, ஆரம்பப் பதிப்பில் வந்த வேறு ஏதோ ஒரு பிழையைப் பிடிப்பதற்காக எழுதியது அது. பிழை பிடிபட்ட பிறகும் அதைக் கழற்றிப்போடவில்லை. குழாய், செய்தி வரிசை, செலக்ட், குறுக்கீடுகள் என்று இயங்குதளத்தின் உள்வேலைகளிலெல்லாம் அதைப் பொருத்தி வைத்திருந்தார்கள். கணினி தொடங்கும்போதே அதுவும் தொடங்கும். வட்ட பஃபரில் எழுதிக்கொண்டே இருக்கும்; பழையது அழிய அழியப் புதியது ஏறும். நிறுத்து என்று சொன்னால் நிறுத்தி, கடைசியாக நடந்ததை வண்டி வண்டியாகக் கொட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். திட்டமிடுபவர் இந்தக் குறிப்பிட்ட தவறைக் கண்டால் தடப்பதிவை நிறுத்திக் கொட்ட வேண்டும் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. செவ்வாயிலிருந்து அந்தக் கொட்டல் வந்து சேராது என்று தெரிந்தும் எழுதியிருந்தார்கள். பறக்கப்போவதையே சோதிக்க வேண்டும், சோதித்ததையே பறக்கவிட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே ஆய்வகத்தில் தேடத் தொடங்கியபோது மென்பொருளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. செவ்வாயில் ரீசெட் நடந்த நாளின் வேலைகளை அப்படியே மறுபடி மறுபடி ஓட்டினார்கள். பதினெட்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக் கணினியும் ரீசெட் ஆனது. பதிவை எடுத்துப் பார்த்தார்கள். காரணம் பளிச்சென்று தெரிந்தது.

மென்பொருளைத் தொட வேண்டியிருக்கவில்லை என்பதன் அருமை, தொட்டுக் கெட்டவர்களுக்குத்தான் புரியும். நேரத்தைச் சார்ந்த பிழைகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: பார்க்கப்போனால் ஒளிந்துகொள்ளும். கணினி அறிவியலாளர் ஜிம் க்ரே 1985-இல் எழுதிய கட்டுரையில் இந்த வகைக்கு ஹைசன்பக் என்ற பெயரைப் பயன்படுத்தினார்; இயற்பியலாளர் ஹைசன்பர்க்கை வைத்து வந்த பெயர். பல்வலியோடு மருத்துவரிடம் போனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நின்றுவிடுமே, அந்தக் கதைதான். ஆனால் இங்கே அதற்கு மாயமற்ற காரணம் இருக்கிறது. லாக், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவு, எழுதுகிற ஒரு வரியைச் சேர்த்தால், லாக் எழுதும் நூலகமும் உள்ளே ஒரு பூட்டு வைத்திருக்கும். ஒரே நிரலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற வேலைகளான த்ரெட்கள் எல்லாமும் அங்கே வந்து ஒவ்வொன்றாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தவை வரிசையில் நிற்கத் தொடங்கிவிடும். முட்டல் நின்றால் பிழையும் நின்றுவிடும். பிரேக்பாயின்ட் இன்னும் மோசம், நேரத்தையே நிறுத்தி வைத்துவிடுகிறது.

சொந்த அனுபவம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நான் பராமரித்த ஒரு சர்வர் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை உறைந்துபோகும். செயலி சும்மா கிடக்கும், நினைவகம் ஏராளமாக மிச்சம் இருக்கும், லாக்கில் ஒரு வார்த்தை இருக்காது. பதில் வரவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்துவிடுகிற ஒரு கண்காணிப்பு நிரல் வைத்திருந்தோம். அது தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் சகஜம். "ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுதுல்ல, அப்புறம் என்ன?" என்று மேலே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் நடந்ததற்கான சாட்சியத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போனது. காப்பாற்றியதும் அதுதான், தடயத்தை அழித்ததும் அதுதான்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்கிற காரியம்: சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் லாக் வரிகளைச் சேர்த்தேன். பத்து நாள் உறையவே இல்லை. லாக்கை எடுத்தேன், மூன்றாம் நாள் உறைந்தது. மறுபடி சேர்த்தேன், மறுபடி சமத்தாக ஓடியது. 'லாக்கை அப்படியே விட்டுவிடலாமே' என்று ஒருவர் சொன்னார், விளையாட்டாக இல்லை.

கடைசியில் கண்காணிப்பு நிரலில்தான் கை வைத்தேன். கொல்வதற்கு முன்னால் எல்லாத் த்ரெட்களும் எந்த வரியில் நிற்கின்றன என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டுக் கொல் என்று மாற்றினேன். நான்கு நாளில் கோப்பு கிடைத்தது. பத்து த்ரெட்கள், பத்தும் ஒரே வரியில், தரவுத்தள இணைப்புக்காகக் காத்துக்கொண்டு. இணைப்புகளின் தொகுப்பில் இருந்தது மொத்தம் பத்து. ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு இணைப்பை எடுத்துக்கொள்ளும். வேலைக்கு நடுவில், நடந்ததைப் பதிவு செய்கிற வேறொரு செயல்கூறை அழைக்கும். அது தனக்கென்று இன்னொரு இணைப்பு கேட்கும். பத்து பேர் ஒரே கணத்தில் வந்தால், ஆளுக்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கு இரண்டாவதற்காக நிற்பார்கள், காலம் முடியும்வரை. சோதனைச் சூழலில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் வந்ததே கிடையாது.

பிழையை மறுபடி வரவைப்பது எப்படி என்பது பல நேரம் நிரல் எழுதியவருக்குத் தெரியாது. அதைப் பயன்படுத்துகிறவருக்குத் தெரிந்திருக்கும். தெரக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சை இயந்திரம் 1985-க்கும் 1987-க்கும் இடையே ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது, சிலர் இறந்தார்கள். டெக்சாஸில் டைலர் நகர மருத்துவமனையில் 1986-இல் அந்தப் பிழையை வரவைத்துக் காட்டியவர்கள் அங்கே வேலை பார்த்த இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும்தான். ரகசியம் தட்டச்சு வேகத்தில் இருந்தது. சிகிச்சை விவரத்தை உள்ளிட்டுவிட்டு, காந்தங்கள் தங்கள் நிலைக்கு வர எடுக்கிற 8 விநாடிக்குள் போய் அதைத் திருத்தினால் பிழை வரும். தினமும் அதையே தட்டித் தட்டிக் கை வேகமேறிய ஒருவரால்தான் அது முடிந்தது. நிதானமாக ஒவ்வொரு விசையாகத் தட்டிச் சோதிக்கிற பொறியாளரிடம் அந்தப் பிழை கடைசிவரை வராது.

அங்கே நடந்ததையும் பாத்ஃபைண்டரையும் ஒரே தராசில் வைக்க நான் விரும்பவில்லை. ஒன்றில் உயிர்கள் போயின. மற்றதில், சந்தேகம் வந்தால் பாதுகாப்பான நிலைக்குத் திரும்பிவிடு என்று எழுதியிருந்ததால் அரை நாள் வேலை போனது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு மாறி

காரணம் தெரிந்த பிறகு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாக இல்லை. இந்தத் தலைகீழாக்கத்தை லாம்ப்சன், ரெடெல் என்ற ஆய்வாளர்கள் 1980-லேயே விவரித்திருந்தார்கள். ஷா, ராஜ்குமார், லெஹோஸ்கி மூவரும் 1990-இல் வெளியிட்ட கட்டுரை தீர்வை முறையாக ஆராய்ந்திருந்தது. பூட்டை வைத்திருக்கிற சிறியவருக்காகப் பெரியவர் காத்திருக்க நேர்ந்தால், பூட்டைக் கொடுக்கும்வரை அந்தச் சிறியவருக்குப் பெரியவரின் முன்னுரிமையைக் கடனாகக் கொடுத்துவிடுவது. அப்போது நடுவில் இருப்பவர்கள் அவரைத் தள்ளிவிட முடியாது. முன்னுரிமை மரபுரிமை என்று பெயர். விஎக்ஸ்வொர்க்ஸிலும் அந்த வசதி இருந்தது. மியூட்டெக்ஸை உருவாக்கும்போது வேண்டும் என்று சொன்னால் வரும், சொல்லாவிட்டால் வராது. செலக்டுக்குள் இருந்த அந்தப் பூட்டை உருவாக்கியபோது அது சொல்லப்படவில்லை.

நல்ல வேளையாக, செலக்ட் தன் பூட்டை எந்த விருப்பங்களோடு உருவாக்க வேண்டும் என்பது ஒரு பொது மாறியில், அதாவது நிரலின் எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவான ஒரு மதிப்பில், இருந்தது. ஆவணத்தில் இல்லாத மாறி; மூல நிரலைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். அதன் மதிப்பை மாற்றினால் போதும்.

போதும் என்று சொல்வது சுலபம். அந்த மாறி வானிலை டாஸ்க்குக்கு மட்டும் சொந்தமில்லை. கலத்தில் செலக்ட் பயன்படுத்துகிற அத்தனை இடத்தையும் அது மாற்றும். வேகம் குறையுமா? வேறு எங்காவது, இதுவரை தற்செயலாகச் சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏதாவது குலையுமா? இயங்குதளக்காரர்களோடு கலந்து பேசி, விளைவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே மாற்றத்தை அனுப்பினார்கள். பிழையைப் பிடித்த உற்சாகத்தில் அன்றைக்கே ப்ரொடக்ஷனில், அதாவது உண்மையான பயன்பாட்டில் இருக்கிற கணினியில், ஏற்றிவிட்டு, மறுநாள் இன்னொரு பிழையோடு விழித்தவர்களுக்கு இந்த நிதானம் எவ்வளவு கடினம் என்று தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அனுப்பிய விதம் பற்றி ஒரு தவறான கதை வெகுகாலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1997 டிசம்பரில் ஒரு மாநாட்டில் விண்ட் ரிவரின் டேவிட் வில்னர் இந்த நிகழ்வைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்ட மைக் ஜோன்ஸ் எழுதிய மின்னஞ்சல் உலகம் முழுக்கக் கைமாறியது. கலத்துக்குள் இருந்த, சி என்ற நிரல்மொழிக்கான மொழிபெயர்ப்பான் வழியாகச் சின்ன நிரல் ஒன்றை ஏற்றி மாறிகளை மாற்றினார்கள் என்பது அந்தக் கதை. ரீவ்ஸ் அதை மறுத்தார். அந்த வசதி இருந்தது உண்மை, பயன்படுத்தவில்லை. கலத்தில் இருக்கும் பிரதிக்கும் பூமியில் திருத்தி வைத்திருந்த பிரதிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பி, பல கட்டச் சரிபார்ப்புக்குப் பிறகே கலத்தின் மென்பொருளில் அதை ஒட்டுகிற முறையான வழியைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனாலும் இன்றுவரை மொழிபெயர்ப்பான் கதைதான் பிரபலம். அது கொஞ்சம் சாகசமாக இருக்கிறது, என்ன செய்ய.

முன்பே பார்த்ததுதான்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துகிற பகுதி இதுதான். தரையிறங்குவதற்கு முன்பே, பூமியில் நடந்த சோதனைகளில், இந்த ரீசெட் தலைகாட்டியிருக்கிறது. துரத்திப் பார்த்தார்கள். மறுபடி வரவில்லை.

வன்பொருளின் ஏதோ ஒரு கணக் கோளாறு என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள் என்பது பரவிய கதையின் வடிவம். ரீவ்ஸ் சொல்வது வேறு. மறக்கவும் இல்லை, முக்கியமில்லை என்று நினைக்கவும் இல்லை. தரையிறங்கும் மென்பொருள்தான் முதல் கவலையாக இருந்தது, இது அதற்குக் கீழே வைக்கப்பட்டது, இதைத் தீர்ப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது.

அலட்சியம் என்று இதை எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தரையிறங்குவது சில நிமிடங்களில் முடிகிற காரியம், தோற்றால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. ரீசெட் ஆகிற பிழைக்கு மறுநாள் என்று ஒன்று இருக்கிறது. அதுமட்டுமல்ல, வளிமண்டலத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பலமுறை ரீசெட் ஆனாலும் தாங்கும்படி வடிவமைத்து, அதைச் சோதித்தும் வைத்திருந்தார்கள். என்ன பிழை என்று தெரியாவிட்டாலும், அது வந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்திருந்தது. இருக்கிற நேரத்தை எங்கே செலவழிப்பது என்று அவர்கள் எடுத்த முடிவு சரியானதே. பிழை வந்தால் என்ன ஆகும் என்கிற அந்த அறிவு இல்லாமல் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளுகிறவர்கள் பாத்ஃபைண்டரை முன்னுதாரணமாகக் காட்டுவதுதான் எனக்கு எரிச்சல்.

சோதனையில் ஏன் திரும்ப வரவில்லை என்பதற்குக் கிடைத்த பதிலும் எதிர்பாராதது. வானிலைத் தரவு வந்துகொண்டிருக்க வேண்டும், நடுத்தர டாஸ்க்குகளும் மூச்சு முட்ட வேலை செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தப் பிழைக்கு இடம் கிடைக்கும். சோதனைகளில் தாங்கள் எதிர்பார்த்த மிகச் சிறந்த தரவு வேகம்வரை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். ஆனால் செவ்வாய்க்குப் போனதும் நிலைமை அதைவிடச் சிறப்பாக அமைந்துவிட்டது. தரவு வேகம் எதிர்பார்த்ததைத் தாண்டியது, அதற்கேற்ப அறிவியல் வேலைகளும் கூடின. கூடிய வேலைதான் நடுத்தர டாஸ்க்குகளை ஓயவிடாமல் வைத்திருந்தது. மோசமான நிலைக்குத் தயாராக இருந்தார்கள். இவ்வளவு நல்ல நிலையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

திருத்தம் ஏறிய பிறகு அந்தக் காரணத்தால் ரீசெட் வரவில்லை. முப்பது நாள் திட்டமிட்ட கலம் 1997 செப்டம்பர் 27 வரை, ஏறக்குறைய மூன்று மாதம் தரவு அனுப்பியது.

என் சர்வரின் கதையில் திருத்தம் இரண்டே வரிகள். பதிவு செய்கிற செயல்கூறுக்கு, அழைப்பவர் கையில் இருக்கிற இணைப்பையே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு, பிழைப்பட்டியலில் இதே போல் வேறு ஏதாவது இருக்கிறதா என்று பழையவற்றைத் துழாவிக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு பதிவு கிடைத்தது. சோதனைச் சூழலில் ஒருநாள் சர்வர் உறைந்துவிட்டது, லாக்கில் எதுவும் இல்லை, ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது என்று சோதனைக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பதைக்கூடக் குறித்திருந்தார்: வழக்கமாக மூன்று, அன்றைக்கு ஒரு பயிற்சி நடந்ததால் பன்னிரண்டு. அதற்குக் கீழே, மறுபடி வரவைக்க முடியவில்லை என்ற காரணத்தோடு பதிவு மூடப்பட்டிருந்தது. மூடியவன் நான்தான்.